வெளிநாட்டில் சங்கம் கட்டுவது எப்படி? ஹாங்காங்கின் பிலிப்பினோ பெண்களைப் பாருங்கள்

வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் ஒரு சங்கம் ஆரம்பிக்க என்ன செய்ய வேண்டும் என்று யார் கேட்டாலும், ஹாங்காங்கைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். முதலாளி வீட்டிலேயே தங்கி, வாரம் ஒரே ஒரு நாள் விடுப்போடு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பினோ பெண்கள் அங்கே நாற்பது வருடமாக அமைப்பாக நிற்கிறார்கள். இதைவிடக் கடினமான நிலைமையில் சங்கம் கட்டியவர்கள் குறைவு.

முதலில், ஆட்களைத் தேடி அலையாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்துக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஹாங்காங் சென்ட்ரல் பகுதியில் சேட்டர் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள், அங்கேயும் பக்கத்தில் ஸ்டேச்சு ஸ்கொயரிலும் எச்எஸ்பிசி வங்கிக் கட்டடத்தின் கீழேயும் ஆயிரக்கணக்கான பெண்கள் அட்டையை விரித்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஊருக்கு அனுப்பப் பெட்டி கட்டுவார்கள், நடனம் பழகுவார்கள். இலோக்கோஸ்காரர்கள் ஒரு பக்கம், விசாயாஸ்காரர்கள் ஒரு பக்கம், கொர்தில்லேரா மலைக்காரர்கள் இன்னொரு பக்கம் என்று ஊர்ஊராக உட்காருவதும் உண்டு. வெளியாளுக்கு இது வெறும் பொழுதுபோக்காகத் தெரியும். ஆனால் யாருக்குச் சம்பளம் வரவில்லை, யாரை வீட்டில் அடித்தார்கள் என்ற சேதியெல்லாம் முதலில் வந்து சேருவது இந்த அட்டைமேல்தான். அதனால் போன உடனே துண்டறிக்கையை நீட்டாமல் உட்காருங்கள், சாப்பிடுங்கள், கேளுங்கள். ஊர்ச் சங்கங்களைக் கலைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாகலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவற்றின் பெயரும் தலைவர்களும் அப்படியே இருக்கட்டும், மேலே ஒரு கூட்டமைப்பு போதும்.

அடுத்து, எல்லோர் கையையும் கடிக்கிற ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள். 1982-இன் கடைசியில் பிலிப்பைன்ஸின் மார்கோஸ் அரசு 857 என்ற நிர்வாக ஆணையைப் போட்டது. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுப் பணியாளர்கள் சம்பளத்தில் பாதியைக் கட்டாயமாக வங்கி வழியாக ஊருக்கு அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். எந்த மாகாணத்துக்காரர் என்றாலும் இது வலித்தது. ஹாங்காங்கில் பல அமைப்புகள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன, 1985-இல் அந்தத் தண்டனைப் பிரிவுகளை அரசு விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. நான் மிகவும் மதிப்பது அதற்கப்புறம் நடந்ததைத்தான். ஜெயித்தாயிற்று என்று கலைந்து போகாமல், அதே வருடம் அந்தக் கூட்டணியையே யூனிஃபில் என்ற நிரந்தரக் கூட்டமைப்பாக மாற்றினார்கள். நீங்களும் முதல் வெற்றி வந்த வாரமே அடுத்த கூட்டத்துக்குத் தேதி வையுங்கள்.

சரி, கோஷம் மட்டும் போட்டால் சங்கம் நிற்குமா? நிற்காது. ஒருத்தி வேலையிலிருந்து நீக்கப்பட்டால் இரண்டே வாரத்தில் ஹாங்காங்கை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற விதி 1987 முதல் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குப் பெட்டியோடு தெருவில் நிற்பவளுக்கு அரசியல் பேச்சு வேண்டாம், படுக்க இடமும் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆளும் வேண்டும். செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் 1981 முதல் இயங்கும் புலம்பெயர் தொழிலாளர் மையம் செய்வது இதைத்தான். உங்கள் குழுவில் குறைந்தது இரண்டு பேர் ஒப்பந்தத்தை வரிவரியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒப்பந்தம், சம்பள ரசீது, பாஸ்போர்ட் எல்லாவற்றின் நகலையும் முதலாளி வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் வைத்திருக்கட்டும். உதவி பெற்று மீண்டவர்கள்தான் பிறகு நல்ல தலைவர்களாக வருவார்கள், அவர்களை விட்டுவிடாதீர்கள்.

கோரிக்கை வேலை செய்யும் நாட்டு அரசு, சொந்த நாட்டு அரசு இரண்டிடமும் போக வேண்டும். 1995 மார்ச்சில் சிங்கப்பூரில் ஃப்ளோர் கொன்டெம்ப்ளாசியன் என்ற பிலிப்பினோ வீட்டுப் பணிப்பெண் கொலை வழக்கில் தூக்கிலிடப்பட்டபோது, கோபம் சிங்கப்பூர்மேல் மட்டுமல்ல, காப்பாற்றத் தவறிய பிலிப்பைன்ஸ் அரசுமேலும் திரும்பியது. சில மாதங்களில் பிலிப்பைன்ஸில் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் 8042 வந்தது. 2004 முதல் பிலிப்பினோக்கள் வெளிநாட்டிலிருந்தே ஓட்டும் போட முடிகிறது. வாக்காளர் பதிவுக்கு உறுப்பினர்களைக் கூட்டிப் போங்கள், ஆனால் சங்கத்தை எந்த வேட்பாளருக்கும் வாலாக்கிவிடாதீர்கள்.

மற்ற நாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2003-இல் ஹாங்காங் அரசு வீட்டுப் பணியாளர்களின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 3,670 ஹாங்காங் டாலரிலிருந்து 3,270 ஆகக் குறைத்தபோது அது எல்லா நாட்டவரையும் அடித்தது. பிலிப்பினோக்களோடு இந்தோனேசியர், தாய்லாந்துக்காரர், நேபாளிகள், இலங்கையர் அமைப்புகளும் ஒரே கூட்டணியில் இருந்தது அப்போது கைகொடுத்தது. துண்டறிக்கை உங்கள் மொழியில் மட்டும் இருந்தால் இது நடக்காது.

சட்டத்தைப் பார்க்காமல் எதையும் செய்யாதீர்கள். ஹாங்காங்கில் முப்பது பேருக்கு மேல் ஊர்வலம் போனால் ஏழு நாள் முன்பே போலீசுக்கு அறிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் அனுமதி இல்லாமல் வெளிநாட்டவர் போராட்டத்தில் கலந்துகொள்ள முடியாது. சவுதியில் தொழிற்சங்கமே கிடையாது. அங்கெல்லாம் சேமிப்புக் குழு, ஜெபக் குழு, கூடைப்பந்து அணி என்று ஆரம்பித்து, புகார்களை உங்கள் தூதரகத்துக்குக் கொண்டுபோவதுதான் வழி. எந்தச் சங்க வேலையில் என்ன ஆபத்து என்பதை உறுப்பினரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். போகப்போவது அவருடைய விசா.

கடைசியாகப் பொறுப்பாளர்கள் விஷயம். ஒப்பந்தம் முடிந்தால் தலைவியும் ஊருக்குப் போய்விடுவார், அதனால் ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேரைப் பழக்குங்கள், தொலைபேசிப் பட்டியல் மூன்று பேரிடம் இருக்கட்டும், பணக்கணக்கை மாதம் ஒருமுறை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படியுங்கள்.