சோளத்தில் மரபணு மாற்றம்: நெல் செய்முறையை நம்பிக் கெடுவது

சோளத்தில் மரபணு மாற்றம் செய்யக் கிளம்புகிறவர்கள் பலர் நெல்லுக்கு எழுதிய செய்முறையையே கையில் எடுக்கிறார்கள். சோளம் அதற்கு மசியாது. துகள் துப்பாக்கியால் (டிஎன்ஏ பூசிய உலோகத் துகள்களைத் திசுவுக்குள் சுடும் கருவி) மரபணு மாற்றிய சோளம் 1993-இலும், செடிக்குள் மரபணுவைச் செலுத்தவல்ல மண் பாக்டீரியாவான அக்ரோபாக்டீரியம் வழியாக உருவானது 2000-இலும்தான் ஆய்விதழ்களில் வந்தன.

முதல் தொல்லை பழுப்பு. வெட்டுப்பட்ட சோளத் திசு பீனால் பொருள்களைக் கக்கும். விதையிலிருந்து எடுத்த கருவைச் சுற்றி, அதை வளர்க்கும் ஊட்டக் கூழான ஊடகத்தில் காப்பிக் கறை மாதிரி வட்டம் படரும். பிறகு காலஸ் (கருவிலிருந்து திரளும் உருவமற்ற செல் திரள்; இதிலிருந்துதான் செடி வர வேண்டும்) கறுத்துப்போகும். வட்டம் தெரிந்த பிறகும் ‘இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்’ என்று காத்திருப்பது வீண். ஆரம்பத்திலேயே ஊடகத்தில் பீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி சேர்த்து, திசுவை அடிக்கடி புது ஊடகத்துக்கு மாற்ற வேண்டும்.

கருவை எடுப்பதிலும் பதற்றம் கூடாது. 1 முதல் 2 மி.மீ. நீளமுள்ள இளம் கருதான் தோது. முற்றியதை வைத்தால் காலஸ் ஆகாமல் நேரே முளைத்துவிடும். தலைகீழாக வைத்தாலும் அதே கதைதான்: தட்டையான ஸ்குட்டெல்லம் (கருவின் வித்திலை) பக்கம் மேலேயும், முளை அச்சு ஊடகத்தைத் தொட்டபடியும் இருக்க வேண்டும். பசுமைக்குடிலில் வாடிய தாய்ச்செடியின் கருவை எந்த ஊடகமும் காப்பாற்றாது. இதைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை.

எடுத்த எடுப்பில் மால்தண்டி (எம் 35-1) போன்ற உழவர் ரகத்தில் கைவைப்பதும் பேராசை என்பேன். டிஎக்ஸ் 430, பி 898012 போன்ற, திசு வளர்ப்புக்கு இணங்கும் வகைகளில் மரபணுவை ஏற்றி, பிறகு உழவர் ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலக்கும் பின்கலப்பால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையில், ஏற்றிய மரபணுவுக்கான பட்டை தெரிந்ததும் இனிப்பு வழங்கிவிடாதீர்கள். திசுவில் ஒட்டியிருக்கும் அக்ரோபாக்டீரியமும் அதே பட்டையைக் காட்டும். மரபணு ஏறியதை நீல நிறத்தால் காட்டும் கஸ் மரபணுவில் இன்ட்ரான் (பாக்டீரியாவால் வெட்டி நீக்க முடியாத இடைத்துண்டு) இல்லையென்றால் பாக்டீரியாவே நீலமாகும். மரபணு செடியின் டிஎன்ஏவிலேயே சேர்ந்ததா என்று காட்டும் சதர்ன் பிளாட் சோதனையும், அடுத்த தலைமுறையில் மரபணு பிரியும் விகிதமும் பார்த்தபின்தான் பேச்சு.

எந்த மரபணு என்பதிலும் சறுக்குகிறார்கள். பிடி பாக்டீரியாவின் பூச்சிக்கொல்லி மரபணுவான கிரை1ஏசி தண்டுத் துளைப்பான் போன்ற புழுக்களுக்கானது; குருத்து ஈயை அது ஒன்றும் செய்யாது. மரபணு ஏறிய செல்களைப் பிரித்தறியக் களைக்கொல்லி எதிர்ப்பு மரபணுவை அடையாளத்துக்கு வைப்பது ஆய்வகத்தில் வசதிதான். ஆனால் சோளத்தின் மகரந்தம் காட்டுச் சோளத்தோடும், உலகம் முழுக்கப் பெருங்களையான ஜான்சன் புல்லோடும் கலக்கக்கூடியது. வயலுக்குப் போகும் செடியில் அந்த மரபணு இருக்கவே கூடாது. அதற்குப் பதிலாக, மேனோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த முடிகிற செல்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் பிஎம்ஐ மரபணு முறை சோளத்திலும் வேலை செய்கிறது.