பிசினைப் பற்றாத அராமிட் இழை

கெவ்லார் போன்ற வலுவான செயற்கை இழையான அராமிட்டில் நெய்த துணியையும், திரவமாக ஊற்றி இறுகவிடும் பாலியெஸ்டர் பிசினையும் கொண்டு நான் வார்த்த முதல் தகடு பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தது. ஆனால் ஓரத்தில் கத்தி முனையைச் செருகி நெம்பியதும் அடுக்குகள் எளிதாகப் பிரிந்துவிட்டன. பிரிந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது, இழைகள் மஞ்சள் நிறம் மாறாமல், பிசினின் ஒரு துணுக்குகூட ஒட்டாமல் வெறுமையாகக் கிடந்தன. எதிர்ப்புறப் பிசினிலோ இழை படுத்திருந்த தடம் வழவழப்பான வாய்க்கால்போல் பதிந்திருந்தது. பிசின் உடையவில்லை, இழையும் அறவில்லை, இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிடிப்பு அற்றுப்போயிருந்தது.

கண்ணாடியிழையில் பழகிய கை என்னுடையது. அதன்மேல் பூசப்படும் சிலேன் என்னும் இணைப்பு வேதிப்பொருள், ஒரு முனையால் கண்ணாடியையும் மறுமுனையால் பிசினையும் பிணைத்துவிடும். அராமிட்டின் பரப்போ வழவழப்பானது, வேதிவினைக்கு எளிதில் இணங்காதது. போதாததற்கு, காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அப்படிப்பட்ட துணியை மாதக்கணக்கில் திறந்தே வைத்திருந்தேன்.

மறுமுறை, துணியை 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் உலர்த்தி, கையுறை அணிந்தே தொட்டு, ஆறியவுடன் தாமதிக்காமல் எப்பாக்சி பிசினில் நனைத்து, வெற்றிடப் பையின் அழுத்தத்தில் இறுக விட்டேன். எப்பாக்சிக்கு மாறியதே பெரும்பங்கு உதவியது என்பது என் கணிப்பு. எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிவிட்டதால் அதை நிரூபிக்க வழியில்லை. இம்முறை நெம்பியபோது கத்திதான் வளைந்தது. வலிந்து பிரித்த ஒரு மூலையில் இழைகள் நார்நாராகக் கிழிந்திருந்தன. அவற்றின்மேல் பிசின் துகள்கள் ஒட்டியிருந்தன.