சேதி எந்த மேசையில் நிற்கிறது?

அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் நிர்வாக அமைப்புப் படத்தை முதலில் மறந்துவிடுங்கள். யாருக்கு யார் மேலதிகாரி என்று அது சொல்லும். யார் யாரிடம் பேசுகிறார் என்று சொல்லாது.

புதுக் குழுவில் சேர்ந்தால் நான் முதலில் செய்வது இதுதான். சமீபத்தில் எல்லோருக்கும் தெரியவந்த ஒரு விஷயத்தை, ஷிஃப்ட் நேரம் மாறியதுபோல ஏதாவது ஒன்றை, எடுத்துக்கொள்வேன். "இது உங்களுக்கு முதல்ல யார் சொல்லித் தெரியும்?" என்று ஆளாளுக்குக் கேட்டு, ஒரு தாளில் அம்புக்குறி போடுவேன். சுற்றறிக்கையைச் சொல்பவர்கள் கொஞ்சம்தான். ஸ்டோர்ஸ்காரர், வரவேற்பில் இருப்பவர் என்று ஒன்றிரண்டு பேரே திரும்பத் திரும்ப வருவார்கள். அவர்கள் லீவு போட்டால் யாருக்குச் சேதி போகாது என்பதையும் அந்தத் தாளே காட்டிவிடும். எல்லாம் ஒருவர் வழியாகவே போனால் வேலை வேகமாக முடியும், ஆனால் ஓரத்தில் இருப்பவர்களுக்கு அலுப்புத் தட்டும். அமெரிக்க உளவியலாளர் ஹரால்ட் லீவிட் 1951-இல் ஐந்தைந்து பேர் கொண்ட குழுக்களை வைத்துச் சோதித்தபோதும் இப்படித்தான் வந்தது.

கீழிருந்து மேலே போகும் சேதிதான் பெரிய தலைவலி. கெட்ட சேதியை ஒன்று தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு படியிலும் அது எந்த வாசகத்தில் போனது என்று மின்னஞ்சல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆபரேட்டர்: "வால்வு முழுசா மூடல, இந்த வாரமே மாத்தணும்." சூப்பர்வைசர்: "வால்வில் சிறு கோளாறு, கவனித்து வருகிறோம்." மேலாளரின் மாத அறிக்கை: "பராமரிப்புப் பணிகள் வழக்கம்போல்." யாரும் பொய் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் கொடுமை. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடிப்பதற்கு முந்தைய இரவு, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வாதாடினார்கள். ஏவுவதற்கு இறுதி ஒப்புதல் தந்தவர்கள் காதுக்கு அது போகவே இல்லை.

இதற்கு நான் வைத்திருக்கும் விதி: பழுது, விபத்து, தாமதம் பற்றிய அறிக்கையில் முதலில் சொன்னவரின் வாக்கியம் அப்படியே மேலே போக வேண்டும். நம் கருத்தை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம். என்ன முடிவானது என்று சொன்னவருக்கே பதிலும் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த முறை அவர் வாயைத் திறக்கமாட்டார்.

மேலிருந்து கீழே வருவதற்கு விமானிகளின் பழக்கம் போதும்: கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்தை விமானி திருப்பிச் சொல்வார். வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரலை நான் கணக்கில் எடுப்பதில்லை. "எப்ப, யார் செய்யறாங்க?" என்று எழுதச் சொல்வேன்.

ஒரே குரூப்பில் ஆளைப் பெருக்கவும் வேண்டாம். 5 பேருக்குள் பேசிக்கொள்ள 10 ஜோடிகள்தான். 12 பேரானால் 66. அந்த அளவு வந்ததும் இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் இருக்கும்படி இருவரைப் போடுங்கள். ஒருவரை மட்டும் போட்டால், மறுபடி அந்த ஸ்டோர்ஸ்காரர் கதைதான்.