ஆட்டோகேட் வரைபடத்தில் மையக்கோடு: கோட்டு வகையும் அளவு விகிதமும்

துளையானாலும் தண்டானாலும், பட்டறையில் இருப்பவர் வரைபடத்தைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவது மையக்கோட்டைத்தான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 46 அதனை ‘ஜி’ வகைக் கோடாக, அதாவது நீள்கீறும் குறுங்கீறும் மாறி மாறி வரும் மெல்லிய கோடாக வகுத்துள்ளது. வெளிக்கோடு 0.5 மி.மீ. தடிமன் என்றால் மையக்கோட்டுக்கு 0.25 மி.மீ. பொருத்தமானது. ஆனால் கணினி வரைவு மென்பொருளான ஆட்டோகேட்டில் வரையப்படும் பல வரைபடங்களில் மையக்கோடு முழுக்கோடாகவே அச்சாகி, வெளிக்கோட்டோடு குழம்பிவிடுகிறது.

120 மி.மீ. விட்டமும், 90 மி.மீ. பிசிடியில் (துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 12 மி.மீ. துளைகள் ஆறும் கொண்ட ஒரு ஃபிளாஞ்சை (இணைப்பு விளிம்புத் தகட்டை) எடுத்துக்கொள்வோம். முதலில் லேயர் ப்ராப்பர்ட்டீஸில் மையக்கோட்டுக்கெனத் தனி லேயர் (அடுக்கு) ஒன்றை உருவாக்கி, அதன் லைன்டைப் கட்டத்தைச் சொடுக்கி, லோட் பொத்தான் வழியாகச் ‘சென்டர்2’ வகையை ஏற்ற வேண்டும். நிறம், தடிமன், கோட்டு வகை மூன்றையும் லேயரிலேயே அமைத்துவிட்டு, கோடுகளை, லேயரின் அமைப்பையே பின்பற்றும் ‘பைலேயர்’ நிலையிலேயே விட்டுவிடுவதே நல்லது. ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியே வகை மாற்றிய கோப்பைப் பின்னாளில் திருத்துவது பெரும்பாடு.

மில்லிமீட்டரில் வரைபவர்கள் ‘அகாட்ஐசோ.லின்’ கோப்பிலிருந்துதான் கோட்டு வகையை ஏற்ற வேண்டும். அங்குல அளவுக்கான ‘அகாட்.லின்’ கோப்பிலிருந்து ஏற்றினால் கீறுகள் 25.4 மடங்கு சிறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, முழுக்கோடு போலத் தோன்றும்.

சரியான கோப்பிலிருந்து ஏற்றிய பிறகும் முழுக்கோடாகவே தெரிந்தால், கோட்டின் நீளத்தைப் பார்க்க வேண்டும். மெட்ரிக் ‘சென்டர்’ வகையில் நீள்கீறு 31.75, இடைவெளி 6.35, குறுங்கீறு 6.35, மீண்டும் இடைவெளி 6.35 என ஒரு சுற்றுக்கு 50.8 மி.மீ. தேவைப்படுகிறது; ‘சென்டர்2’ வகையில் இது ஏறத்தாழ 28.6 மி.மீ. ஒரு முழுச் சுற்றுக்கு இடமில்லாத கோட்டை ஆட்டோகேட் முழுக்கோடாகவே காட்டும். நமது 12 மி.மீ. துளையின் மையக்கோடு, இருபுறமும் 3 மி.மீ. வெளியே நீண்டாலும், 18 மி.மீ. மட்டுமே. ஆகவே கோட்டு வகைகளின் அளவு விகிதத்தை மாற்றும் எல்டிஸ்கேல் கட்டளையைத் தட்டி 0.5 கொடுத்தால் சுற்று 14.3 மி.மீ. ஆகச் சுருங்கி, துளையின் நடுவில் குறுங்கீறும் இருபுறமும் நீள்கீறுகளும் தெளிவாகத் தெரியும். மறைவுக்கோட்டின் கீறுகளும் இதனால் பாதியாகும் என்றாலும், 6.35 மி.மீ. கீறு ஏறத்தாழ 3.2 மி.மீ. ஆவது வாசிப்புக்கு நன்றாகவே இருக்கும்.

மையக்கோடுகள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இடைவெளி வரக் கூடாது. கீறுகள்தான் சந்திக்க வேண்டும். ஆட்டோகேட் கீறுகளை இரு முனைகளிலிருந்தும் சமமாகப் பகிர்ந்து வைப்பதால், கோட்டை மையத்தின் இருபுறமும் ஒரே அளவுக்கு நீட்டினாலே இந்த விதி தானாக நிறைவேறும். ஒரு பக்கம் 3 மி.மீ., மறுபக்கம் 7 மி.மீ. என இழுத்துவிடும் பழக்கத்தைக் கைவிட இதுவே போதுமான காரணம்.

2017 பதிப்பு முதல் சென்டர்மார்க், சென்டர்லைன் ஆகிய கட்டளைகள் இந்த வேலையைக் குறைத்துள்ளன. வட்டத்தை நகர்த்தினால் அதன் மையக்குறியும் உடன் நகரும். இரு கோடுகளைத் தேர்ந்தால் அவற்றின் நடுவே மையக்கோடு விழும். வெளிநீட்சியைச் சென்டர்இஎக்ஸ்இ மாறியிலும், எந்த லேயரில் விழ வேண்டும் என்பதைச் சென்டர்லேயர் மாறியிலும் முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். பிசிடித் துளைகளுக்கு மட்டும் வேறு வழி சிறந்தது: பிசிடி வட்டமே ஒரு மையக்கோடாக நிற்பதால், ஒரு துளைக்கு ஆரத் திசையில் சிறு கோடு வரைந்து, துளையையும் அதனையும் சேர்த்துப் போலார் அர்ரே (மையத்தைச் சுற்றி வட்டமாக நகலெடுத்தல்) செய்தால் ஆறும் சரியான திசையில் அமையும்.

அச்சுத் தாளைக் காட்டும் லேஅவுட்டில் 1:1, 1:2 என வெவ்வேறு அளவில் வியூபோர்ட்டுகள் (காட்சிச் சட்டங்கள்) இருந்தால், பிஎஸ்எல்டிஸ்கேல் மாறியின் மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். அப்போதுதான் தாளில் எல்லாக் காட்சிகளிலும் கீறுகள் ஒரே நீளத்தில் வரும். மதிப்பை மாற்றிய பின், திரையைப் புதுப்பிக்கும் ரீஜென்ஆல் கட்டளையைக் கொடுக்காவிட்டால் திரையில் பழைய தோற்றமே நீடிக்கும் என்பதால், அதைச் செய்துவிட்டு ப்ளாட் ப்ரிவியூவில் மிகச் சிறிய துளையைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.