ஆவணியில் தொடங்கி மார்கழியில் ஓட ஒரு திட்டம்

ஹாஃப் மாரத்தான் என்றால் 21.1 கிலோமீட்டர். கறாராகச் சொன்னால் 21.0975. கோவைக்காரர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். நம் ரேஸ் கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று சுமார் இரண்டரைக் கிலோமீட்டர், அதில் எட்டரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. தினமும் இரண்டு சுற்று நடப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் அரை மணி நேரம் நிற்காமல் மெதுவாக ஓடத் தெரிந்த யாரும் நான்கு மாதத்தில் இந்தத் தூரத்துக்கு வந்துவிடலாம்.

எனக்கு வயது 46. சாய்பாபா காலனியில் தையல் கடை. வார நாட்களில் ஆறரைக்கு அடுப்படியில் நின்றாக வேண்டும். மகளுக்கு டிபன் பாக்ஸ், அத்தைக்கு மாத்திரை போடுவதற்கு முன் கஞ்சி. இணையத்தில் கிடைக்கிற பயிற்சி அட்டவணைகளைப் பார்த்தால் வாரம் ஐந்து நாள், ஆறு நாள் ஓடச் சொல்கிறார்கள். முடிந்தவர்கள் ஓடட்டும். மற்றவர்களுக்கு வாரம் மூன்று நாள் போதும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. செவ்வாய், வியாழன், ஞாயிறு. இதில் செவ்வாயோ வியாழனோ ஒன்று போனால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை மட்டும் கல்யாணம், காதுகுத்து எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் சனிக்கிழமையே ஓடி முடித்துவிடுங்கள்.

2013-இல் தொடங்கிய கோயம்புத்தூர் மாரத்தான் சமீப ஆண்டுகளாக டிசம்பரில் நடக்கிறது. கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நிதி திரட்டும் ஓட்டம் அது. டிசம்பர் மூன்றாம் ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் மார்கழி பிறக்கிற சமயமாக இருக்கும். அங்கிருந்து பின்னால் எண்ணினால் ஆவணியில் தொடங்க வேண்டும். ஆடிக்காற்றும் அதற்குள் அடங்கியிருக்கும்.

ஆவணி ஞாயிறுகளில் 6, 7, 8 என்று ஏற்றி, நான்காவது வாரம் 6-க்கு இறங்குங்கள். புரட்டாசியில் 9, 10, 11, திரும்ப 8. ஐப்பசியில் 12, 14, 15, திரும்ப 11. கார்த்திகையில் 16, 18, அப்புறம் 13, 9. அடுத்த ஞாயிறு பந்தயம். எல்லாம் கிலோமீட்டர் கணக்கு. நான்கு வாரத்துக்கு ஒரு முறை இறக்குவதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்காகும். "நல்லாத்தானே ஓடறேன்" என்று நினைத்துத் தூரத்தைக் கூட்டுகிற நேரத்தில்தான் முழங்காலும் கணுக்காலும் மக்கர் பண்ணும். பந்தயத்துக்கு முன்பே 21 ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று சிலருக்கு ஆசை இருக்கும். தேவையில்லை. 18 ஓடியவர் மிச்ச மூன்றையும் பந்தய நாளில் ஓடிவிடுவார்.

வேகத்துக்கு வருவோம், ஏனென்றால் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். நானும் எதிர்வீட்டு அக்காவும் சேர்ந்துதான் ஓடுகிறோம். கதை பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் ஞாயிற்றுக்கிழமை வேகம். மருமகள் கதையை முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு வருகிற அக்கா, திடீரென்று "ம்" மட்டும் கொட்ட ஆரம்பித்தால் இருவரும் வேகத்தைக் குறைத்துவிடுவோம். எண்ணாகச் சொன்னால், 5 கிலோமீட்டரை 35 நிமிடத்தில் ஓடுகிறவர், அதாவது கிலோமீட்டருக்கு 7 நிமிடம், ஞாயிறு ஓட்டத்தில் 8 அல்லது எட்டரை நிமிடத்தில் போக வேண்டும். நடக்கிறவர்களே நம்மைத் தாண்டிப் போவது போலத் தோன்றும். தோன்றட்டும்.

அதுவும் முடியவில்லை என்றால் ஓட்டத்தையும் நடையையும் கலந்துகொள்ளுங்கள். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. ஒலிம்பிக்கில் ஓடியவரே நடக்கச் சொல்லியிருக்கிறார், நமக்கென்ன கௌரவம்? ஆனால் ஒன்று, களைத்த பிறகு நடப்பது இந்த முறை ஆகாது. முதல் ஐந்து நிமிடத்திலிருந்தே அந்தக் கணக்கைப் பிடிக்க வேண்டும்.

செவ்வாய் ஓட்டம் எளிது. 40 நிமிடம், அதே பேச்சு வேகம். வியாழக்கிழமை கொஞ்சம் முடுக்கலாம். பத்து நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு, மூன்று நிமிட வேக ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று நான்கைந்து முறை. இதை ஐப்பசிக்கு முன்னால் தொடங்க வேண்டாம். மேடு ஏறிப் பழக மருதமலை மலைப்பாதை அருமையான இடம். அங்கே யானை நடமாட்டம் உண்டு, நன்றாக விடிந்த பிறகு மட்டும் போங்கள். இறங்கும்போது நடந்தே இறங்குங்கள், முழங்கால் வாழ்த்தும்.

ரேஸ் கோர்ஸில் ஐந்து மணிக்கே வந்துவிட்டால் கூட்டம் இருக்காது. ஆறுக்கு மேல் நான்கு பேர் கை கோத்துப் பாதையை அடைத்துக்கொண்டு நடப்பார்கள், அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடுவதே தனி உடற்பயிற்சி. ஒரே திசையில் ஐந்தாறு சுற்று ஓடினால் வளைவும் சாலைச் சரிவும் ஒரே காலைத் தின்னும். பாதித் தூரத்தில் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். இருட்டில் வெளிர் நிறச் சட்டை போடுங்கள். நாய் துரத்தினால் ஓடக் கூடாது. நின்று, முறைத்துப் பார்க்காமல், மெல்ல நடந்து விலகுங்கள். மீறிக் கடித்துவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போய்விடுங்கள்.

ஷூவில் சிக்கனம் பார்க்காதீர்கள், அதற்காக விலையை மட்டும் பார்த்து மயங்கவும் வேண்டாம். கால் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், ஓடும்போது போடுகிற அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கார்த்திகைக்குள் நகம் கறுத்துவிடும். 500-இலிருந்து 800 கிலோமீட்டர் வரை ஒரு ஜோடி உழைக்கும். புரட்டாசிக்குள் வாங்கிவிடுங்கள், பந்தயத்துக்கென்று புதிதாக எதுவும் வாங்காதீர்கள்.

பெண்களுக்குத் தனியாக இரண்டு சொல்கிறேன். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா, ஷூவைப் போலவே முக்கியம். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் குதித்துப் பார்த்து வாங்குங்கள், பட்டை தோளில் வெட்டக் கூடாது. தையல்காரியாக ஒன்று சேர்க்கிறேன்: உள்தையல் தடித்திருக்கிற எந்தத் துணியும் 10 கிலோமீட்டருக்கு மேல் தோலை அறுத்துவிடும். அக்குள், தொடை, பட்டை படும் இடங்களில் வாசலின் தடவுங்கள். ஆண்களுக்கு மார்புக் காம்பில் ரத்தமே வரும், சின்ன பிளாஸ்திரி ஒட்டினால் போதும். இரண்டாவது, தொடங்குவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் படி ஏறும்போதே மூச்சு வாங்கலாம். அதைப் பயிற்சிக் குறைவு என்று நினைத்து நாம் மேலும் மேலும் ஓடிக்கொண்டிருப்போம். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது இளவயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும், மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

சாப்பாட்டில் நம் காலண்டருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. புரட்டாசி சனிக்கிழமை விரதம். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஞாயிறு காலை பத்துக் கிலோமீட்டர் ஓடினால் ஏழாவதில் கால் கல்லாகிவிடும். விரதத்தை விடச் சொல்லவில்லை. அந்த ஒரு வேளையைத் தளிகை முடிந்த மதியத்தோடு நிறுத்தாமல், ராத்திரி இட்லியோ வாழைப்பழமும் பாலுமோ சேர்த்துக்கொள்ளலாமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். எங்கள் அத்தை இட்லிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொள்ளாத வீட்டில் அந்த மாதம் மட்டும் நீண்ட ஓட்டத்தைத் திங்கள் காலைக்குத் தள்ளலாம். தீபாவளிக்கு மறுநாள் விடிகாலையில் பட்டாசுப் புகை தரையோடு தரையாக நிற்கும், ஒரு நாள் தள்ளி ஓடுங்கள்.

மற்ற நாட்களில் முந்தின இரவு சோறு, இட்லி, தயிர்சாதம் என்று பழகிய சாப்பாடு. பிரியாணி வேண்டாம், சுண்டல் வேண்டாம். காலையில் ஓடுவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன் ஒரு பூவன்பழம், அரை டம்ளர் காபி. காபி வயிற்றைக் காலி செய்யவும் உதவும், அது சின்ன விஷயமில்லை. ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டங்களில் வழியில் இனிப்பு ஏதாவது வேண்டும். ஓட்டக்காரர்களுக்கென்று பாக்கெட்டில் விற்கும் இனிப்பு ஜெல் வாங்கலாம். நான் கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தை வெண்ணெய்த்தாளில் சுற்றி எடுத்துப்போகிறேன், அரை மணிக்கு இரண்டு. கடலை மிட்டாயும் பார்த்தாயிற்று. மூச்சு வாங்கும்போது தூள் தொண்டையில் ஒட்டுகிறது.

தண்ணீர் தாகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. நிறையக் குடித்தால் நல்லது என்று லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம், வலிப்புவரை போகும். உங்கள் அளவைக் கண்டுபிடிக்க ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஓஆர்எஸ் குடிக்கலாம், பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரைத்து. வீட்டில் என்றால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி.

ஜிம்முக்குப் போக நேரமில்லை என்பவர்களுக்கு: இட்லி வேகிற பத்து நிமிடம் இருக்கிறது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் பதினைந்து. அப்புறம் பஸ்கி பதினைந்து. இரண்டையும் இன்னொரு தடவை. வாரம் மூன்று நாள் செய்தால் கெண்டைக்கால் பிடிப்பும் முழங்கால் வலியும் பாதி குறையும் என்பது எங்கள் அனுபவம்.

வலியில் இரண்டு வகை. இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி வலித்தால் அது ஓடிய வலி, இரண்டு நாளில் போகும். ஒரு பக்கம் மட்டும், விரலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஓரிடத்தில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். முக்கியமாக முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் அப்படி வலித்தால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம், தைலம் தேய்த்து ஒப்பேற்றக் கூடாது. நொண்டிக்கொண்டுதான் ஓட முடியும் என்றால் அன்று ஓட்டமே கிடையாது. மார்பில் அழுத்தம், தலைசுற்றல் என்றால் அந்த இடத்திலேயே நின்று ஆளைக் கூப்பிடுங்கள்.

பந்தய வாரத்தில் செய்ய வேண்டியது குறைவு. செவ்வாய் அரை மணி, வியாழன் இருபது நிமிடம், அவ்வளவுதான். முந்தின நாளே எண் அட்டையை வாங்கிச் சட்டையில் நான்கு ஊக்கால் குத்தி வையுங்கள். நேரம் பதிகிற சிப் பெரும்பாலும் அதன் பின்னால்தான் இருக்கும், மடிக்காதீர்கள். எவ்வளவு நேரமாகும் என்று தெரிய, 10 கிலோமீட்டர் நேரத்தை இரட்டித்து இருபது நிமிடம் கூட்டுங்கள். 75 நிமிடக்காரருக்கு இரண்டு மணி ஐம்பது. நம் ஊர்ப் போட்டிகளில் மூன்று மணி, மூன்றரை மணி என்று நேர வரம்பு வைப்பார்கள், பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கக் கோட்டருகே போய் முண்டாதீர்கள், நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டும்போதுதான் சிப் நேரத்தை எண்ணத் தொடங்கும். கொடி பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் ஓடும் பேஸர் பின்னால் ஒரு கூட்டம் போகும், அதைப் பஸ் என்போம். உங்கள் கணக்கைவிட ஐந்து நிமிடம் மெதுவான பஸ்ஸில் ஏறுங்கள். மேளச் சத்தமும் கூட்டமும் முதல் ஐந்து கிலோமீட்டரில் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும், அங்கே பிடித்து நிறுத்துகிறவர்தான் பதினாறுக்கு மேல் ஓடிக்கொண்டிருப்பார். தண்ணீர் மேசையில் முதல் ஆளிடம் முட்டி மோதாமல் கடைசி மேசைக்குப் போங்கள். காகிதக் குவளையின் வாயைக் கிள்ளிக் குடித்தால் மூக்கில் ஏறாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் அவற்றில் பல சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

முடித்ததும் உட்காரக் கூடாது. பத்து நிமிடம் நடந்து, அரை மணிக்குள் பொங்கலோ இட்லியோ சாப்பிட்டுவிடுங்கள். மறுநாள் மாடிப்படி இறங்குவதுதான் கஷ்டம், கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினால் தொடை கத்தாது. ஒரு வாரம் நடை மட்டும். எங்கள் வீட்டில் அன்று மட்டும் மதியச் சமையல் அவர் பொறுப்பு, இதையும் ஆவணியிலேயே பேசி வைத்துவிடுங்கள்.