தாடி வைத்த பெட்டை: காட்டு வான்கோழியில் ஆண், பெண் பிரித்துப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் வசந்த கால வான்கோழி வேட்டை சேவலைக் குறி வைத்துத்தான். ஆனால் பல மாநிலங்களின் விதி ‘தாடி உள்ள பறவை’ என்கிறது. தாடி என்பது நெஞ்சிலிருந்து தொங்கும் முடிக்கற்றை போன்ற ஒன்று. புதிதாகப் போகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பெட்டைக்கும் தாடி முளைக்கும். சில வட்டாரங்களில் நூற்றுக்குப் பத்துப் பெட்டைகள் வரை. முட்டையிடுவது, குஞ்சு பொரிப்பதில் அவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. சுட அனுமதி இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது. அதனால் தாடியைக் கடைசியில் பாருங்கள்.

1. முதலில் காது. விடியற்காலையில் ஆந்தை அலறினால் மரத்தில் அடைந்திருக்கும் சேவல் தன்னை மறந்து பதிலுக்குக் கத்திவிடும். காக்கை, இடி, கார்க் கதவு சாத்தும் சத்தம், எதற்கும் கத்தும். பெட்டை அப்படிக் கத்துவது மிக அபூர்வம்.

2. அடுத்து நெஞ்சு. பைனாகுலரில் இறகு நுனியைப் பாருங்கள். கறுப்பு என்றால் சேவல், வெளிர் பழுப்பு என்றால் பெட்டை. நிழலில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வெயிலுக்கு வரட்டும், பொறுங்கள்.

3. தலை. சேவலுக்கு வழுக்கைத் தலை. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறும். தோகை விரித்து மிதப்பாக நடக்கையில் அலகுக்கு மேலுள்ள சதை நீண்டு அலகைத் தாண்டித் தொங்கும். மிரண்டால் சுருங்கிச் சின்னக் கொம்பு மாதிரி நிற்கும். பெட்டையின் தலை சாம்பல் நீலம், பின்கழுத்தில் பொடி இறகுகள்.

4. வால். இது சேவலின் வயதைச் சொல்லும். விரித்த வாலில் நடு இறகுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு வயதுச் சேவல். ஒரே சீராக இருந்தால் முதிர்ந்தது.

5. இப்போது தாடி. பெட்டையுடையது பெரும்பாலும் மெல்லியது. சில சேவல்களுக்கு இரண்டு மூன்று தாடிகூட இருக்கும். தாடி என்கிறோமே தவிர அது முடியல்ல, உருமாறிய இறகு.

கூட்டத்தில் ஒன்று மட்டும் வெளுத்து, இறகில் கறுப்புக் கோடுகளோடு தெரிகிறதா? கண் கறுப்பாக இருந்தால் அது வெண்குறைபாடு (பிறவியிலேயே நிறமி இல்லாமை, அல்பினிசம்) அல்ல, ‘புகை நிற’ வகை. இவற்றில் பெரும்பாலும் பெட்டைகளே. இதனிடம் நெஞ்சுச் சோதனை செல்லாது; நேரே மூன்றாவது படிக்குப் போய்விடுங்கள்.