எலுமிச்சை மறைந்த பிறகு என்ன நிற்கிறது? ஆண்களுக்கான கோடைகால சிட்ரஸ் செண்ட் தேர்ந்தெடுக்கும் முறை

ஆரஞ்சை உரிக்கும்போது பழத்தோலிலிருந்து பொடிப்பொடியாகத் தெறிக்குமே, அந்த வாசனைதான் எனக்குக் கோடை. அதை அப்படியே நாள் முழுக்க உடம்பில் வைத்திருக்கிற ஒரு பாட்டிலைப் பல வருடம் தேடினேன். அப்படி ஒன்று கிடையாது. அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் நல்ல சிட்ரஸ் செண்ட் வாங்கக் கற்றுக்கொண்டேன்.

ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். எலுமிச்சைத் தோல் எண்ணெயிலும் பெரும்பங்கு அதுவே. சிறிய, லேசான மூலக்கூறு. லேசாக இருப்பதால்தான் ஸ்ப்ரே அடித்த நொடியிலேயே மூக்கில் ஏறுகிறது. அதே காரணத்தால்தான் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் பறந்தும் போகிறது. வெயிலில் சருமம் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். இது செண்ட் செய்தவரின் குறை இல்லை, பழத்தின் இயல்பு.

அதனால் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எலுமிச்சை போன பிறகு என்ன மிஞ்சுகிறது?

நான் ஒருமுறை கடையில் காகிதத் துண்டில் அடித்து முகர்ந்து, 5 நிமிடத்தில் மயங்கிப்போய் 100 மில்லி வாங்கிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து கையில் மிச்சம் இருந்தது வெறும் சர்க்கரைப் பாகு மாதிரி ஓர் இனிப்பு. வெயிலில் அந்த இனிப்பு தலைவலியையே கொடுத்தது. அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு செண்டுக்கு மேல் பார்ப்பதில்லை, வலது முன்கையில் ஒன்று, இடது முன்கையில் ஒன்று. அடித்துவிட்டு வாங்காமல் வெளியே வந்துவிடுவேன். 5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி, 4 மணி என்று நான்கு தடவை முகர்ந்து, தோன்றியதை போனில் ஒரு வரி எழுதி வைப்பேன். நான் முடிவு செய்வது 2 மணி நேரத்து வரியை வைத்துத்தான். முதல் வரி எப்போதுமே அழகாகத்தான் இருக்கும், எல்லா சிட்ரஸுக்கும். நடுவில் மூக்கு மரத்துப்போனால், முகரச் சொல்லிக் கடைகளில் வைத்திருக்கும் காபிக்கொட்டையைத் தேட வேண்டாம். செண்ட் படாத உங்கள் சட்டைக் கையை முகர்ந்தால் போதும்.

எந்தப் பழம் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெறும் எலுமிச்சை கூர்மையானது, ஆனால் பாத்திரம் கழுவும் சோப்பை ஞாபகப்படுத்திவிடும் அபாயம் உண்டு. ஆரஞ்சு வகைகள் இனிப்பு. கிரேப்ஃப்ரூட்டில் மிகத் துளி அளவு கந்தகச் சேர்மம் இருக்கிறது. அதன் தனிக் குணமே அதிலிருந்துதான் வருகிறது, ஆனால் என் வியர்வையோடு அது ஒத்துப்போகவில்லை. எனக்குப் பிடித்தது பெர்கமோட். இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் விளைகிற பழம், ஏர்ல் கிரே தேநீரில் வருகிற அதே மணம். லாவெண்டரில் இருக்கிற லினலைல் அசிடேட் இதிலும் நிறைய இருப்பதால், கூர்மைக்குள்ளேயே ஒரு மென்மை இருக்கும். அப்புறம் நெரோலி, பெட்டிட்கிரெய்ன். இரண்டும் கசப்பு ஆரஞ்சு மரத்திலிருந்துதான் கிடைக்கின்றன: பூவை வடித்தால் நெரோலி, இலையையும் சிறு கிளையையும் வடித்தால் பெட்டிட்கிரெய்ன். பழத்தோல் எண்ணெய் போன பிறகும் இவை சற்று நேரம் நின்று, அந்தப் பசுமையைக் காப்பாற்றித் தரும்.

அடியில் நிற்பதற்கு என் முதல் தேர்வு வெட்டிவேர். உலகமே 'வெட்டிவர்' என்று சொல்கிற அந்தச் சொல் நம் தமிழிலிருந்து போனதுதான் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். ஈரமண், புல், லேசான புகை. எலுமிச்சை விட்ட இடத்தில் குளிர்ச்சியை இது பிடித்துக்கொள்ளும். 2006இல் ழான் குளோட் எலெனா என்ற செண்ட் கலைஞர் உருவாக்கிய டெர் தெர்மெஸ் என்ற செண்ட் இதற்கு நல்ல பாடம்: ஆரஞ்சில் தொடங்கி வெட்டிவேருக்கும் செடார் மரத்துக்கும் இறங்கும். எட்மோன் ரூட்னிட்ஸ்கா என்ற இன்னொரு கலைஞர் டியோர் நிறுவனத்துக்காக 1966இல் செய்த ஓ சொவாஜ் செண்ட் இன்னொரு வழி காட்டியது. மல்லிகையின் காற்றோட்டமான பக்கத்தை மட்டும் தருகிற ஹெடியோன் என்ற பொருளை எலுமிச்சையோடு சேர்த்தார். கனமே இல்லாமல் நீள்கிறது. இரண்டையும் வாங்காவிட்டாலும் ஒருமுறை கையில் அடித்துப் பாருங்கள், மற்றதை அளக்க அளவுகோல் கிடைக்கும்.

கொலோன் என்கிற லேசான செண்ட் வகை வேறு. 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா குடும்பம் தொடங்கிய மரபு அது. வாசனைப் பொருள் ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதம்தான். அதனிடம் நீடிப்பை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. தாராளமாக அடிக்கவும், மறுபடி அடிக்கவும்தான் அது.

எப்படி அடிப்பது? குளித்துத் துடைத்ததும், மணமில்லாத மாய்ஸ்சரைசரை மார்பிலும் பின்கழுத்திலும் தடவுங்கள். வறண்ட சருமத்தில் சிட்ரஸ் நிற்காது. அதன் மேல் நான்கைந்து ஸ்ப்ரே, பிறகு சட்டை. சட்டையின் உள்பக்கம் ஒரு ஸ்ப்ரே அடித்தால் நீண்ட நேரம் இருக்கும். ஆனால் நிறமுள்ள திரவம் வெள்ளைத் துணியில் கறை விடலாம், ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். டியோடரண்ட் மணமில்லாததாக இருக்கட்டும். மதியத்துக்கு 10 மில்லி சிறு ஸ்ப்ரேயில் ஊற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையைத் துடைக்காமல் மேலே அடிக்காதீர்கள், இரண்டும் கலந்து மோசமாகிவிடும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருப்பேன். பெர்கமோட், எலுமிச்சை எண்ணெயை வாங்கி நேரே சருமத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போகவே கூடாது. அவற்றில் இருக்கிற பெர்காப்டென் போன்ற பொருள்கள் வெயில் பட்டால் சருமத்தைப் புண்ணாக்கி, கறுத்த தழும்பை விட்டுச் செல்லும். செண்ட் தயாரிப்பில் இதற்கு வரம்பு உண்டு, தனியாக விற்கிற எண்ணெயில் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்ப முடியாது.

வாங்கிய பிறகு குளியலறையிலோ காரிலோ வைக்காதீர்கள். லிமோனீன் காற்றோடு சேர்ந்து கெடும், வெப்பமும் வெளிச்சமும் அதை வேகப்படுத்தும். பாதி காலியான பெரிய பாட்டிலில் காற்று அதிகம், அதனால் நான் இப்போது 50 மில்லிக்கு மேல் வாங்குவதில்லை. துணி அலமாரியின் அடித்தட்டில், அதன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன். தொடக்கத்தில் பழத்துக்குப் பதில் வார்னிஷ் மாதிரி வாடை வந்தால் அது கெட்டுவிட்டது. கெட்ட லிமோனீன் சிலருக்குச் சரும அலர்ஜியும் தரும், அதை உடம்பில் அடிக்க வேண்டாம்.